நட்சத்திர முகமும் பென்சிற் கோடும்

நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மாணவர் சித்திரக் காட்சியொன்று நடைபெற்றது. ஒரே புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்ட இரண்டு பென்சிற் சித்திரங்கள் அங்கே அடுத்தடுத்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. புகைப்படம் சிங்களத் திரையின் முதல் நட்சத்திரமான ருக்மணி தேவியினுடையது; வவுனியாவில் வாங்கிய பழைய புத்தகக் கட்டொன்றினுள் நமக்குக் கிடைத்த சஞ்சிகைத் தாள். சித்திரங்களுள் ஒன்று, தாளிற் கட்டங்கள் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை அப்படியே பெயர்த்து, மூன்று வாரம் பொறுமையோடு நிழல் தீட்டி முடிக்கப்பட்டது. மற்றையது இருபதுக்கும் குறைவான கோடுகளால் ஆனது. ஒரு கன்னத்தின் விளிம்பு, நெற்றியில் விழுந்த சுருளின் வளைவு, மூக்கின் கீழ்ச் சிறு கருமை, ஒரு கண். மறு கண் இருக்கவேண்டிய இடம் வெறுந்தாள்.

பார்க்க வந்தோர் முதலாவதன் முன் நின்று வியந்தனர். “படம் எடுத்தமாதிரி இருக்கு” என்பதே அவர்கள் வழங்கிய உச்சப் பாராட்டு. இரண்டாவதைக் கண்டு, “இது இன்னும் முடியேல்லையோ?” என்று கேட்டனர். ஆசிரியர் அறையிலும் இவ்விவாதம் தொடர்ந்தது. மக்களுக்கு விளங்காத கலை மக்களுக்குரிய கலையாகாது என்றனர் ஒரு சாரார். புகைப்படத்தைப் பார்த்துப் பிரதி செய்வது கலையே அன்று, அது கைவேலை என்றனர் மறுசாரார். நாமும் அம்மறுசாராருட் சேர்ந்து உரத்துப் பேசினோம். அவ்வாறு பேசியதிற் சரி எது, பிழை எது என்பதைப் பின்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குக் காட்டித் தந்தது. அதனை அதற்குரிய இடத்திற் கூறுவோம். முதலில், இவ்விரு சித்திரங்களுக்கும் மூலமாய் நின்ற அந்தப் புகைப்படத்தை ஆராய்வது அவசியம். ஏனெனில், இரு சாராருமே அதனை ஆராயாமல் விட்டுவிட்டனர்.

1

புகைப்படம் உள்ளதை உள்ளவாறு காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. திருமணப் படத்தைப் பொறுத்தவரையில் இந்நம்பிக்கை ஓரளவு பொருந்தலாம். பழைய காலத்து நட்சத்திரப் படத்தைப் பொறுத்தவரையில் இது முற்றிலும் பிழை.

அக்காலத்து ஸ்ரூடியோவில் நட்சத்திரத்தின் முகம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை நோக்குவோம். முதன்மை விளக்கை முகத்துக்கு நேர் மேலே உயர்த்தி வைப்பர். மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவிற் சிறு நிழல் விழும். கன்ன எலும்பு எடுப்பாகும். தாடையின் கீழ்ப்பகுதி இருளில் மறையும். பின்னால் இன்னொரு விளக்கு கூந்தலின் விளிம்பை ஒளிரச் செய்யும். இத்தனைக்கும் பிறகு எடுக்கப்பட்ட பெரிய நெகற்றிவ் திருத்துபவரின் மேசைக்குச் செல்லும். அவர் கையில் இருந்த கருவி வேறெதுவுமன்று, ஊசிபோலக் கூராகச் சீவிய பென்சில். முகத்தில் உள்ள சுருக்கம் அச்சுப் படத்திற் கறுப்புக் கோடாகத் தெரியும். நெகற்றிவிலோ அது வெளிறிய கோடு. அந்த வெளிறிய இடத்திற் பென்சிற் கரியை மெல்ல மெல்ல நிரப்பினால், அச்சிட்ட படத்தில் அச்சுருக்கம் மறைந்துவிடும். கருமை கூட்டவேண்டிய இடத்தைக் கூரிய கத்தியாற் சுரண்டுவர்.

ஹொலிவூட்டின் பெயர்பெற்ற புகைப்படக்காரரான ஜோர்ஜ் ஹரெல் 1931இல் நடிகை ஜோன் குறோஃபோர்ட்டை எடுத்த படமொன்று திருத்தத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிற்காலத்தில் வெளியிடப்பட்டது. முந்தியதில் நெற்றியிற் கோடுகளும், முகமெங்கும் பழுப்புப் புள்ளிகளும் கொண்ட ஒரு பெண் நிற்கிறாள். பிந்தியதிற் பளிங்குச் சிலை நிற்கிறது. உலகம் கண்டது பிந்தியதை மட்டுமே. இம்முறை ஹொலிவூட்டோடு நின்றுவிடவில்லை. சென்னையிலும் கொழும்பிலும் மாத்திரமன்றி, நம் சிறு பட்டினங்களின் ஸ்ரூடியோக்களிலும் கலியாணத்துக்குக் காட்டும் படங்களிற் பெண்ணின் நிறத்தைக் கூட்டியதும், அம்மைத் தழும்பை மறைத்ததும் இதே பென்சில்தான்.

ஆகவே நட்சத்திரப் படம் என்பது ஏற்கெனவே அரூபப்படுத்தப்பட்ட ஒன்று. அரூபப்படுத்தல் என்பதற்கு வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துதல் என்று பொருள் கொண்டால், அந்த வேலையை ஸ்ரூடியோ நமக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. வினா ஒன்றே: யாருக்கு வேண்டாதது நீக்கப்பட்டது? யாருக்கு வேண்டியது நிறுத்தப்பட்டது? நீக்கப்பட்டவை வயது, களைப்பு, உழைப்பின் அடையாளம். நிறுத்தப்பட்டது விற்பனைக்குரிய முகம். திரைப்பட மூலதனம் ஸ்ரூடியோவுக்கு வெளியே நட்சத்திர வழிபாட்டைச் செயற்கையாக வளர்க்கின்றது என்று 1930களிலேயே வால்டர் பெஞ்சமின் எழுதினார். அவ்வழிபாட்டின் திருவுருவம் இந்தப் புகைப்படமே.

கட்டம் போட்டு மூன்று வாரம் உழைத்த மாணவன் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்ததாக எண்ணியிருப்பான். பெயர் தெரியாத ஒரு திருத்துபவரின் பென்சில் வேலையையே அவன் தன் பென்சிலாற் பிரதி செய்தான்.

2

அந்தப் படத்தில் இருக்கும் பெண் யார்? அவரது இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923இல் மலைநாட்டு இறம்பொடையிற் பிறந்தவர். முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தபோது அதன் கதாநாயகி அவரே. அப்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்; படம் பிடிக்கப்பட்டது கடல் கடந்து மதுரையில். இலங்கையின் வெளிப்புறங்களைத் தேடிச் சென்று எடுக்கப்பட்ட லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956இல் வரும்வரை, சிங்களத் திரை பெரும்பாலும் தென்னிந்திய ஸ்ரூடியோவின் சாயலிலேயே வளர்ந்தது.

சிங்கள மக்கள் தமது இசைக்குயிலாகக் கொண்டாடிய ஒரு கலைஞரின் பெயரில் ராசம்மா என்ற தமிழ்ப் பெயர் மறைந்து கிடந்தது என்பதையும், அவர்களின் முதற்படம் ஒரு தமிழரின் முதலீட்டில் மதுரைத் தொழிலாளரின் கைபட்டு உருவானது என்பதையும் நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? சிங்கள மாணவருள் எத்தனை பேர் அறிவர்? 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். இரு இனத்தாரின் கூட்டுழைப்பில் வளர்ந்த ஒரு துறையின் வரலாற்றை நெருப்பிட்டவர்களுக்கு அவ்வரலாறு தெரிந்திருக்கவில்லை; தெரிந்திருந்த சிலருக்கு அது வேண்டாததாயிருந்தது.

ருக்மணி தேவி அக்கொடுமையைக் காணவில்லை. புகழ் மங்கிய கடைசிக் காலத்தில் இசை மேடைகளிற் பாடி வாழ்ந்த அவர், 1978 ஒக்டோபர் 28இல் அத்தகைய ஒரு மேடையிலிருந்து வீடு திரும்பும் வழியில் வீதி விபத்தில் உயிரிழந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் இரவு முழுவதும் பாடிவிட்டு நெடுவழி பயணம் செய்யவேண்டியிருந்த உழைப்பாளியின் முகம் நம்மிடமுள்ள சஞ்சிகைத் தாளில் இல்லை. அதில் இருப்பது இருபத்தைந்து வயதில் நின்றுபோன, திருத்தப்பட்ட முகம்.

இவ்வளவையும் அறிந்த பிறகு, ‘புகைப்படத்தைப் போலவே இருக்கிறது’ என்ற பாராட்டு எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும்.

3

எனினும் கட்டம் போட்டு வரையும் முறையை இகழ நாம் ஒருப்படோம். சென்னை வீதிகளிற் பனை உயரத்துக்குச் சினிமா விளம்பரத் திரைகளை எழுதிய தொழிலாளர் கையளவு புகைப்படத்திற் கட்டம் கீறி, அதனைத் துணியிற் பெருக்கியே அந்த முகங்களை எழுப்பினர். சாரத்தில் ஏறி நின்று, ஒரு கண்ணை எழுதும்போது மறு கண்ணைப் பார்க்கமுடியாத நெருக்கத்தில், அளவு பிசகாது எழுதிய அவர்களின் கைத்திறனை எந்தக் கலைக்கல்லூரியும் குறைத்துப் பேசமுடியாது. அச்சியந்திரம் வந்து அவர்களின் தொழிலை விழுங்கிவிட்டது. பெயர் பொறிக்காமலே போனவர்கள் அவர்கள். அளவறிதல் ஓவியத்தின் அரிச்சுவடி. கண்கள் நெற்றியின் கீழே எங்கோ மேலே இருக்கின்றன என்று நம் மாணவர் எண்ணுகின்றனர். உச்சந்தலையிலிருந்து நாடி வரை அளந்தால் ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன என்பதைக் கட்டமே முதலிற் கற்பிக்கின்றது.

அரிச்சுவடியைக் கடந்தால் என்ன? அதற்குச் சிறந்த பாடம் பிக்காசோவின் எருது. 1945–46 குளிர்காலத்தில் அவர் பாரிசில் ஓர் அச்சுக்கூடத்தில் ஒரே எருதைப் படிப்படியாக 11 நிலைகளில் வரைந்தார். தொடக்கத்தில் மயிரும் தசையும் கொண்ட முழு எருது. இடையில் அது மேலும் பருத்துக் கனக்கிறது, பின்னர் உடல் பல தளங்களாகப் பிரிகிறது, தளங்கள் கோடுகளாகின்றன, கோடுகளும் குறைகின்றன. இறுதி நிலையில் எஞ்சுவது ஒரு சில கோடுகள். ஆயினும் அது எருதே. ஆடென்றோ குதிரையென்றோ எவரும் மயங்கமாட்டார். இங்கு கவனிக்கவேண்டியது, பிக்காசோ பதினொன்றாவது நிலையிலிருந்து தொடங்கவில்லை என்பதாகும். முந்திய பத்து நிலைகளின் உழைப்பே கடைசிக் கோட்டுக்கு அந்த உறுதியைக் கொடுத்தது. குறைத்தல் என்பது அறிந்தவன் செய்யும் செயல். அறியாதவன் குறைத்தால் அது வெறும் இல்லாமை.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் மாணவியின் சித்திரத்தை அளப்போம். அவள் படத்தை வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள் என்று சித்திர ஆசிரியர் கூறினார். கண்ணைச் சுருக்கினால் நுணுக்கம் மங்கி, வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய வடிவங்களாகப் பிரிந்து தோன்றும். அப்போது அவள் கண்டது, அந்த முகத்தில் அரைவாசியை விளக்கு விழுங்கியிருக்கிறது என்பதை. வெளிச்சம் விழுந்த பக்கத்துக் கண்ணை அவள் வரையாமல் விட்டது சோம்பலாலன்று; அந்த இடத்திற் பெண் இல்லை, வெளிச்சம் மாத்திரமே இருக்கிறது என்று அவள் கண்டுகொண்டாள். கன்னத்தின் விளிம்பை ஒரே இழுப்பில், மேலே மெலிந்தும் தாடையில் அழுந்தியும் 4பி பென்சிலால் இட்ட கோடு மிகச் சிறந்தது. ஸ்ரூடியோ மறைத்த தாடையின் கனம் அக்கோட்டில் மீண்டு வந்திருக்கிறது. மூக்கின் கீழுள்ள கருமை, விளக்கு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பார்ப்பவர் முகத்தைக் காணுமுன்னே முகத்தின் மீது ஏவப்பட்ட விளக்கைக் காண்கிறார். இவ்வகையிற் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த சித்திரம் அப்புகைப்படத்தின் மீதான ஒரு விமர்சனமாக மாறுகிறது.

குறைகளும் உள. கழுத்தருகே இட்ட மூன்று வளைகோடுகள் எதையும் கூறவில்லை. புதுமை ஓவியம் என்றால் வளைகோடு வேண்டும் என்று எங்கோ கண்ட பழக்கத்தால் வந்தவை அவை. சுருண்ட கூந்தலிற் பாதி அலங்காரமாகிவிட்டது. உதடுகளைப் புகைப்படத்திலிருந்து அப்படியே பெயர்த்துவிட்டாள். ஏனையவற்றை ஆராய்ந்த கண் அங்கே வந்ததும் விளம்பரத்துக்கு வசப்பட்டுவிட்டது. இவற்றையெல்லாம் அன்றே நாம் அவளிடம் எடுத்துக்கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. புகழ்ந்தோம்.

4

குறைத்து வரைவதெல்லாம் விமர்சனமாகிவிடும் என்று கொள்வதும் தவறு. 1962 ஓகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தார். அதனையடுத்து அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல், 1953இல் வெளிவந்த ‘நயாகரா’ படத்துக்காக எடுக்கப்பட்ட அவரது விளம்பரப் புகைப்படத்தைப் பட்டுத்திரை அச்சில் மீண்டும் மீண்டும் பதித்தார். ஒரு படைப்பில் அதே முகம் ஐம்பது தடவை வருகிறது: இடப்பக்கத்து இருபத்தைந்தும் கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில்; வலப்பக்கத்து இருபத்தைந்தும் கறுப்பு வெள்ளையில், மைதீர்ந்த அச்சுப்போல வெளிறி மறைந்தவாறு. நட்சத்திரம் ஒரு பண்டம், அச்சடித்து விற்கப்படும் பண்டம், அப்பண்டத்தின் அடியில் ஒரு பெண் அழிந்துகொண்டிருந்தாள் என்பதை இதைவிடக் கடுமையாகக் கூறிய படைப்புக்கள் சிலவே.

ஆனால் அடுத்து நடந்தது என்ன? அதே முகத்தை 1964இல் அவர் மீண்டும் அச்சிட்டார். அவற்றுள் ஒன்று 2022 மே மாதத்தில் நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 195 மில்லியன் டொலருக்கு விலைபோயிற்று. பண்டத்தைப் பற்றிய விமர்சனமே பெருவிலைப் பண்டமாகிவிட்டது. சந்தை எதனையும் செரித்துவிடும் வயிறு படைத்தது. ஆதலால் அரூப வடிவம் தன்னளவிற் புரட்சிகரமானது என்று நம்புவோர் ஏமாறுவர்.

அதே வேளையில், அரூப வடிவம் தன்னளவிற் பிற்போக்கானது என்று தீர்ப்புக் கூறியோரும் ஏமாந்தனர். இது நம் முகாமின் வரலாற்றிலுள்ள வடு, மறைப்பதிற் பயனில்லை. 1962 டிசம்பரில் மொஸ்கோவில் நடந்த கண்காட்சியிற் புதுமை ஓவியங்களைக் கண்ட குருஷேவ் வெகுண்டு வசைமொழி பொழிந்தார். சிற்பி ஏர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்ட்னி அவரை எதிர்த்து வாதாடினார். பதவியிழந்த குருஷேவ் 1971இல் இறந்தபின், அவர் குடும்பத்தார் கல்லறைச் சின்னத்தைச் செய்யுமாறு வேண்டியது அதே சிற்பியை. கறுப்பும் வெள்ளையுமான கற்பாளங்கள் ஒன்றையொன்று கௌவி நிற்க, நடுவே குருஷேவின் தலை இருக்கிறது. சுற்றிலும் உள்ளவை அரூபமே. தலையோ அச்சொட்டாக அவரது தலை. ஒரு மனிதனது காலத்தின் முரண்பாட்டை அரூபமாகச் சொல்லலாம். ஆனால் இறந்தவனின் முகத்தை அவன் வீட்டார் அடையாளம் காணவேண்டும் என்பதைச் சிற்பி உணர்ந்திருந்தார் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

இவ்வுண்மை அக்கல்லறையின் படத்தைக் கண்டு நமக்கு விளங்கியதன்று. விளங்கியது நெடுங்கேணியில்.

5

காட்சி முடிந்த சில வாரங்களின் பின் அதே மாணவி இன்னொரு சித்திரத்தைக் கொண்டுவந்தாள். நமது புகழ்ச்சி அவளை ஊக்கியிருந்தது. இம்முறை அவள் எடுத்துக்கொண்டது அவளது தாய்மாமனின் படம். 2009இற் காணாமலாக்கப்பட்டவர். பலமுறை இடம்பெயர்ந்ததில் வீட்டுப் படங்கள் யாவும் போய், அடையாள அட்டைக்கென எடுத்த ஒரேயொரு சிறு படம் மாத்திரம் எஞ்சியிருந்தது. அதனைப் பெருப்பித்துப் பிளாஸ்ரிக் உறையிலிட்டு, அவளின் அம்மம்மா வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் கொண்டு சென்று கையில் ஏந்தி அமர்ந்திருந்தவர். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் அவ்விரு இடங்களிலும் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காய் நீண்டது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே வழிபார்த்துக் கண்மூடிய பெற்றோர் பலர்.

மாணவி வரைந்த சித்திரத்திற் பத்துக் கோடுகளே இருந்தன. ஒரு நெற்றி, ஒரு புருவம், சட்டைக் கழுத்தின் ஒரு முனை. எஞ்சியது வெள்ளை. இழப்பைக் காட்டவே முகத்தை வெறுமையாக விட்டேன் என்றாள். கலை நோக்கிற் பார்த்தால் முந்தியதைவிட இது தேர்ந்த வேலை. வீண்கோடு ஒன்றுகூட இல்லை. நாம் மறுபடியும் புகழ்ந்தோம்.

அவள் அதனை வீட்டிற் காட்டினாள். அம்மம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “இதிலை அவன் இல்லைப் பிள்ளை. இருக்கிற ஒரு முகத்தையும் ஏன் அழிச்சனீ?”

இதனை மாணவி நம்மிடம் கூறியபோது நமக்கு வாயடைத்தது. கலையறியாத மூதாட்டியின் பேச்சென்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. ஏனெனில் அதில் நாம் தவறவிட்ட ஒரு கோட்பாடு இருந்தது.

ருக்மணி தேவியின் முகம் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட முகம். அதன் மேற்பூச்சு தடித்தது. ஒரு மாணவி அதிற் பாதியை நீக்கினால் எவருக்கும் இழப்பில்லை. உள்ளே மறைந்த பெண் சற்று வெளிப்படுகிறாள். காணாமலாக்கப்பட்டவனின் முகமோ ஒரே பிரதியாய் எஞ்சிய முகம். அவன் இருந்தான் என்பதற்கே அது சாட்சி. அப்படியொருவர் இல்லை, பட்டியலிற் பெயரில்லை, பிடித்ததற்குப் பதிவில்லை என்று கூறுவோர் முன் ஒரு தாய் உயர்த்திப் பிடிக்கும் ஆவணம் அது. அம்முகத்தைக் கோடுகளாய்க் குறைக்கும் கை, தன் விருப்பத்துக்கு மாறாக, அதனை ஏற்கெனவே அழித்த கைக்குத் துணை போகிறது. இழப்பின் வெறுமையை அந்தக் குடும்பம் நாள்தோறும் காண்கிறது. அவர்களுக்குக் கலை காட்டவேண்டியது முகத்தை.

எதனை நீக்கலாம் என்ற வினாவுக்கு ஓவியத்தின் உள்ளே மட்டும் விடை தேடினால் கிடைக்காது. அந்த முகத்திலிருந்து உலகம் ஏற்கெனவே எதனை நீக்கிவிட்டது என்று முதலிற் கேட்கவேண்டும். மிகையாகப் பூசப்பட்டதிலிருந்து நீக்குவது விமர்சனம். பறிக்கப்பட்டதிலிருந்து மேலும் நீக்குவது கொடுமை. உருவமா உள்ளடக்கமா என்று நாம் ஆண்டாண்டாக நடத்திய விவாதத்தில் இந்த எளிய வினாவை எழுப்பத் தவறினோம். இரண்டு சித்திரங்களிலும் மாணவி கையாண்டது ஒரே முறை. ஒன்றில் அது உண்மையைத் திறந்தது, மற்றதில் அடைத்தது. முறையைப் புகழ்ந்து, முகம் யாருடையது என்று கேளாமல் விட்ட குற்றம் நம்முடையது.

6

நம் மொழியினருள் இதனை உணர்ந்து வேலை செய்தோர் இல்லாமலில்லை. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இற் பிறந்த கே. எம். ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியின் கோட்டோவியங்கள் பலவற்றை மையால் வரைந்தார். காந்தி இறந்தபோது ஆதிமூலத்துக்கு ஏறத்தாழப் பத்து வயது. ஆகவே புகைப்படங்களே அவருக்கு ஆதாரமாயிருந்திருக்க வேண்டும். நாணயத்திலும் தபால்தலையிலும் அலுவலகச் சுவரிலும் தேய்ந்துபோன முகம் அது. தேய்ந்துபோன அந்த முகத்தைக் கலைத்து, நடையாகவும் முதுகின் வளைவாகவும் தடியூன்றிய கையாகவும் அவர் மீட்டெடுத்தார். உத்தியோகபூர்வமாக மழுங்கிய முகத்துக்கு அரூபம் உயிர் கொடுத்த இடம் அது. பின்னாளில் அவர் முழு அரூப ஓவியத்துக்குச் சென்றார். அதற்கு முன் பல்லாண்டு மனித உருவத்தோடு மல்லாடினார் என்பதை அவரைப் பின்பற்றும் இளைஞர் மறக்கலாகாது.

யாழ்ப்பாணம் குருநகரில் 1933இற் பிறந்த ஓவியர் மாற்குவை நம்மவர் அறிவர். ஆசிரியராயிருந்து மாணவர் பரம்பரையொன்றை உருவாக்கிய அவர், கண்ணும் கழுத்தும் நீண்டு திரிந்த மனித உருவங்களை வரைந்தார். 1995இன் பெரும் இடப்பெயர்வு அவரையும் பெயர்த்தது, 2000இல் மறைந்தார். அவர் உருவத்தைத் திரித்தது ஒரு தனிமனிதனின் அடையாளத்தை அழிப்பதற்காகவன்று; துயருற்ற ஒரு மக்கட்கூட்டம் முழுவதற்கும் உரிய முகத்தைத் தேடியதால் என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம். பொது முகத்தைத் தேடும் உரிமை ஓவியனுக்கு உண்டு. ஒருத்தியின் மகனது முகத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பொது முகமாக்கும் உரிமை அவளின் சம்மதமின்றி இல்லை.

சித்திர பாடம் கற்பிக்கும் நண்பர்களுக்கு, தமிழ் கற்பிக்கும் நாம் சொல்லத் துணிவது இவ்வளவே. பழைய நட்சத்திரப் படங்களை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அவற்றைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடைப்பது அரிது. முதலிற் கட்டம் போட்டு வரையச் செய்யுங்கள். அடுத்து விளக்கு எங்கே நின்றது, திருத்துபவரின் பென்சில் எங்கே பட்டது என்று தேடச் செய்யுங்கள். அந்த முகத்துக்குரிய மனிதர் எங்கே பிறந்தார், எப்படி உழைத்தார், எவ்வாறு இறந்தார் என்று படிக்கச் செய்யுங்கள். அதன் பின்னர், எந்தக் கோட்டை வைப்பது, எதனை விடுவது என்று மாணவரே தீர்மானிக்கட்டும். தீர்மானத்துக்குக் காரணமும் கூறட்டும். காரணம் கூறமுடியாத கோட்டையும் காரணம் கூறமுடியாத வெறுமையையும் ஒரே கண்டிப்போடு திருப்பிக் கொடுங்கள்.

அந்த மாணவி பத்துக் கோட்டுச் சித்திரத்தைக் கிழிக்கவில்லை; புத்தகத்தினுள் வைத்துக்கொண்டாள். பின்னர், தான் முன்பு ஏளனம் செய்த கட்டம் போடும் முறையைத் தன் சகமாணவனிடமே கேட்டுப் பழகி, அடையாள அட்டைப் படத்திலிருந்து மாமனின் முகத்தைப் பெரிய தாளில் வரையத் தொடங்கினாள். அம்மம்மா பக்கத்திலிருந்து திருத்தம் சொன்னார். படத்தில் மங்கலாயிருந்த இடது காதின் மடலைப் பற்றி இருவருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். “காது இப்பிடி ஒட்டியிருக்காது, கொஞ்சம் வெளியாலை நிக்கும்” என்று அவர் சொன்னபடியே காது வெளியே வந்தது. புருவத்தின் மேல் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பொன்று இருந்ததாம். அடையாள அட்டைப் படத்தில் அது தெரியவில்லை. அதனையும் வரைந்தார்கள்.